சோற்றுக்கையும் நொட்டாங்கையும்

மணியத்துக்கு வந்தது பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூடவே வந்து சேர்ந்தது பிடிவாதம். முதலாவதை டாக்டர்கள் பாதிக்கு மேல் விரட்டிவிட்டார்கள். கால் நேராகிவிட்டது, கோணியிருந்த வாயும் சரியாகிவிட்டது. வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. தூக்கலாம், நீட்டலாம், விரிக்கலாம். விரலை மடக்கி எதையாவது பிடி என்றால் மட்டும் யாருக்கோ வந்த விருந்து என்று சும்மா கிடக்கும். இரண்டாவதை விரட்டத்தான் ஜோகூர் மாசாயில் ஒரு டாக்டரும் இல்லை என்று அவர் மனைவி சந்திரமதி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடது கை நன்றாகத்தான் இருந்தது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரும்பு தூக்கி உரமேறிய கை. ஆனால் மணியத்துக்கு அது நொட்டாங்கை, கால் கழுவ வைத்த கை. அந்தக் கையால் சோறு அள்ள மாட்டார், கோயிலில் திருநீறு வாங்க மாட்டார், யாருக்கும் எதையும் நீட்ட மாட்டார். சோற்றுக்கை பிடிக்காது, நொட்டாங்கையைத் தொடவிட மாட்டேன் என்றால் மனுஷன் என்னதான் செய்வது? ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைச் சந்திரமதி ஊட்டினாள். கோயிலுக்குப் போவது நின்றது. சனிக்கிழமை தவறாமல் மீன்பிடிக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆள், தூண்டில் கோல்களையெல்லாம் அடுத்த வீட்டுக்காரருக்குத் தானம் செய்துவிட்டார். அந்தத் தானத்தையும் சந்திரமதி கையால்தான் கொடுக்கவைத்தார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று ஆடி மாதத்தில் வந்தது. மகள் லோஷினிக்கு ஆவணியில் கல்யாணம். மண்டபம் பார்த்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, அப்புறம் ஒரு நாள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மணியம் அமைதியாகச் சொன்னார்.

"தாரை வார்க்கிறத அய்யாவு பண்ணட்டும்."

அய்யாவு அவருடைய தம்பி, குளுவாங்கில் இருப்பவர்.

"ஏன்? நீங்க எங்க போறீங்க?" என்றாள் சந்திரமதி.

"எங்கயும் போகல. முன் வரிசையில உக்காந்திருப்பேன். இந்தக் கை புள்ளையோட கையப் பிடிக்காது. எல்லாரும் பாக்குறப்ப நழுவவிட்டா? இல்ல, நொட்டாங்கையால புள்ளையத் தாரை வார்க்கச் சொல்றியா? சபையில காறித் துப்புவாங்க."

தாரை வார்ப்பது என்றால் பெண்ணைப் பெற்றவன் மகளின் கையைத் தன் கைகளில் ஏந்தி மாப்பிள்ளை கையில் ஒப்படைக்க வேண்டும். அவன் மனைவி பக்கத்தில் நின்று அந்தக் கைகளின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அய்யாவு தாரை வார்த்தால் தண்ணீர் ஊற்றுகிறவள் அவர் மனைவி தேன்மொழி. தேன்மொழி தங்கமான பெண்தான், ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் சந்திரமதிக்கு இன்னும் எரிச்சல். திட்டுவதற்காவது ஒரு குறை இருந்திருக்கலாம்.

"பத்து மாசம் சுமந்தவ நான், செம்பத் தூக்குறவ அவளா?" என்று கேட்டாள். கேட்டாள், கெஞ்சினாள், அழுதாள், ஒரு வேளை பட்டினி கிடந்தும் பார்த்தாள். தேன்மொழியே போன் பண்ணி, "அக்கா, எனக்கு இப்பவே கை நடுங்குது, மாமாகிட்ட நல்லாப் பேசிப் பாருங்க" என்றாள். மாமாவிடம் பேசியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று.

இந்த நிலையில்தான் லோஷினி ஒரு காரியம் செய்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெண். விடியுமுன் பாலம் கடந்து போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். ஒருநாள் வந்து, "ரெண்டு பேரும் ரெண்டு நாள் காட்டுல போயி நிம்மதியா இருந்துட்டு வாங்க. புக் பண்ணிட்டேன், இனிமே மாத்த முடியாது. எண்டாவ் ஆத்துல மேல, ஃப்ளை ஃபிஷிங்" என்றாள்.

"என்னது? இறகக் கட்டி மீன் புடிக்கிறதா?" மணியம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது மலை மேல ஏரியில, குளிருல, தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ட்ரவுட் புடிக்கிற வேல லா. ஜோகூர்ல ஏது ட்ரவுட்டு?"

"ட்ரவுட் இல்லப்பா. கெலா."

கெலா என்பது ஆற்றின் மேல்பக்கத்தில், தெளிந்த ஓட்டத்தில் மட்டும் வாழ்கிற மீன். மாசாய் மீன்பிடிக் குளத்தில் கெளுத்திக்கும் திலாப்பியாவுக்கும் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் அதைப் பற்றிப் பேசலாம், கனவு காணலாம், அவ்வளவுதான்.

"சரி, வரேன்" என்றார் கடைசியில். "ஆனா தூண்டில நான் தொட மாட்டேன். உங்கம்மா புடிக்கட்டும், நான் வேடிக்க பாக்குறேன்."

"புடிக்கிறேன், எனக்கென்ன?" என்றாள் சந்திரமதி. வீம்புக்குத்தான் சொன்னாள். தூண்டிலில் எந்தப் பக்கம் மீன் வரும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கிளம்புகிற காலையில் அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன மணியம், எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? மணியம் காரிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வந்து ஏறினார்.

"தூண்டிலத் தொட மாட்டேன்னவருக்குச் சகுனம் எதுக்கு?" என்று கேட்டாள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த சந்திரமதி.



காஹாங்கில் அவர்களுக்காக ஒரு சேறு படிந்த ஃபோர்வீல் வண்டியோடு கனகராஜ் காத்திருந்தார். சிகாமட்டுக்காரர், நாற்பதைத் தொடப்போகும் வயது. நியூசிலாந்தில் மலையேரி ஒன்றின் விடுதியில் சில வருஷம் வேலை செய்து, ட்ரவுட் பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். அங்கே கற்றதை இப்போது சொந்த மாநிலத்து ஆற்றில் செய்துகொண்டிருந்தார். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் முடிந்து, செம்மண் பாதை முடிந்து, குலுங்கிக் குலுங்கி எலும்பெல்லாம் இடம் மாறிய பிறகு ஆற்றோரத்தில் ஒரு மரக்குடில் வந்தது.

சந்திரமதி பையைத் திறந்து சாமான்களை அடுக்கினாள். மண்சட்டி, புளி, மைலோ டின்னில் மசாலா, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, செதில் சுரண்டுகிற கத்தி. கனகராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஆன்ட்டி, இது எதுக்கு?"

"மீனுக்குத்தான் தம்பி. புடிச்ச கையோட கொழம்பு வச்சிடலாம்."

"ஆன்ட்டி... இங்க புடிக்கிற மீன விட்டுடணும்."

"விட்டுடணுமா? எங்க?"

"ஆத்துலதான்."

"அலாமாக்! அப்ப எதுக்குப்பா அதப் போயிப் புடிக்கிறது?"

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மணியம் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்காத சந்திரமதிக்குத் தன்னைத்தான் கேலி செய்கிறார் என்ற கோபம்கூட வரவில்லை. இன்னும் இரண்டு சட்டி கொண்டுவந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அன்று சார்டின் டின்னை உடைத்து அந்த மசாலாவிலேயே குழம்பு வைத்தாள். கனகராஜ் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். சந்திரமதி பிசைந்து பிசைந்து கணவருக்கு ஊட்டுவதை அவர் பார்த்தார், பார்த்துவிட்டு மலையேரிக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"அங்க தண்ணி ஐஸ் அங்கிள். ட்ரவுட்டு நிக்கிறது கண்ணுக்கு முன்னால தெரியும், ஆனா வாயத் திறக்காது. நாள் முழுக்க நின்னுட்டு ஒண்ணும் இல்லாம திரும்பிப் போயி, நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க."

"பைத்தியக்காரனுங்க" என்றார் மணியம். குரலில் பொறாமை இருந்தது.

மறுநாள் காலை ஆற்றில் மூடுபனி விலகுவதற்குள் சந்திரமதி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். லோஷினியின் பழைய டிராக் பேண்ட், தலையில் பெரிய தொப்பி. மணியம் கரையில் ஒரு பாறையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கனகராஜ் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சிகளுக்கு நடுவே ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு உருண்டை இருந்தது.

"இது பூச்சி இல்லியே, செம்பனைப் பழம்ல?" என்றாள் சந்திரமதி.

"அதேதான் ஆன்ட்டி, நூல்ல கட்டுன பொய்ப்பழம். கெலாவுக்குப் பழம்னா உயிரு. மேலேருந்து பொளக்குன்னு விழுந்தா ஓடி வந்துடும்."

"யோங் பெங் தோட்டத்துல உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கியே என் முதுகு போச்சு. மிச்சம் இருக்கிறது இன்னைக்கு எறிஞ்சு போகப்போவுது" என்று சொல்லிக்கொண்டே அவள் கோலை வாங்கினாள்.

எறிவது அத்தனை லேசாக இல்லை. கோலைப் பின்னால் கொண்டுபோய், ஒரு மூச்சு நின்று, பிறகு முன்னால் வீச வேண்டும். சந்திரமதிக்கு வாழ்க்கையில் எதிலும் ஒரு மூச்சு நிற்கிற பழக்கம் கிடையாது. முதல் வீச்சில் பழம் அவள் தொப்பியில் மாட்டிக்கொண்டது. அடுத்தது மரக்கிளையில். அதற்கடுத்தது கனகராஜின் சட்டையில், நல்லவேளையாகச் சட்டையோடு நின்றது.

"மீன் புடிக்கிறியா, மாடு ஓட்டுறியா?" என்றது பாறை.

"அவ்ளோ தெரிஞ்சவரு இறங்கி வந்து எறியுறது!"

"நான்தான் தொட மாட்டேன்னு சொன்னேன்ல?"

"அப்ப வாயையும் தொடாம உக்காருங்க!"

வெயில் ஏற ஏற அவள் கை கொஞ்சம் பழகியது. ஒரு வீச்சு, தவறிப்போய்ச் சரியாகவே விழுந்தது. எதிர்க்கரை மரநிழலில் பழம் பொளக் என்று இறங்கியது. தண்ணீருக்கடியில் ஒரு செம்பொன் நிறம் திரும்பியது, பழத்தைக் காணோம்.

"தூக்கு! தூக்குடி!" என்று மணியம் பாறையில் எழுந்து நின்று கத்தினார்.

தூக்கினாள். வெறும் தூண்டில் வானத்தில் பறந்து வந்தது. கெலா போய்விட்டது.

"அங்கிள், இது குளத்துத் தூண்டில் இல்ல" என்றார் கனகராஜ், வருத்தத்தோடு. "இதுல தூக்கவே கூடாது. கவ்வுனதும் இடது கையால நூல வெடுக்குன்னு இழுக்கணும். சோத்துக்கை சும்மா கோலத் தாங்கிட்டு இருந்தா போதும். வேலையெல்லாம் இடது கைக்குத்தான்."

அவர் மனதில் ஒன்றையும் வைத்துச் சொல்லவில்லை, வருகிற எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் மணியம் மெதுவாக உட்கார்ந்து, மடியிலிருந்த தன் இடது கையை ஒரு தடவை பார்த்தார். சந்திரமதி அதைக் கண்டாள். கண்டும் காணாதவளாக ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய்ப்பு கிடைத்தால் பத்து வார்த்தை பேசுகிறவள்தான், ஆனால் சில சமயம் அவளுக்கும் புத்தி வேலை செய்யும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மணியம் பாறையை மாற்றிக்கொண்டார். வெயில் சுடுகிறது என்று சாக்கு. புதுப் பாறை தண்ணீருக்குள் இருந்தது, அவள் நிற்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. "இன்னும் கொஞ்சம் மேல எறி. அந்த வேருக்குப் பக்கத்துல. அவசரப்படாத" என்று அடங்கிய குரலில் சொன்னார். சந்திரமதி, அதிசயத்திலும் அதிசயமாக, சொன்னபடி செய்தாள்.

பொளக்.

இந்தத் தடவை அவள் தூக்கவில்லை. இடது கையால் இழுத்தாள். மறுமுனையில் யாரோ பதிலுக்கு இழுத்தார்கள். அம்மாடி, என்ன இழுப்பு! நூல் அவள் விரல்களைச் சுட்டுக்கொண்டு ஓடியது. வலி தாங்காமல் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கோலை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். காலுக்கடியில் கூழாங்கல் உருண்டது.

"ஏங்க! ஏங்க! ஏங்க!" என்று அலறினாள்.

கனகராஜ் வலையோடு கீழே தூரத்தில் இருந்தார். "நூலு! யாராச்சும் நூலப் புடிங்க!" என்று கத்திக்கொண்டு தண்ணீரை மிதித்து வந்தார். அவர் வருவதற்குள் மணியம் பாறையிலிருந்து குதித்துவிட்டார். செருப்பு ஒன்று ஆற்றோடு போனது. சந்திரமதியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, ஓடிக்கொண்டிருந்த நூலை எட்டிப் பிடித்தார். எந்தக் கையால் பிடிக்கிறோம் என்று யோசிக்க அவருக்கு நேரம் ஏது?

"கோல நிமித்தி வை. அப்படித்தான். ஓடட்டும் விடு, ஓடட்டும், அதுவும் களைக்கணும்ல" என்று அவள் காதோரம் சொல்லிக்கொண்டே, நூலை விட்டார், இழுத்தார், மறுபடி விட்டார். மீன் வேருக்குள் நுழையப் பார்த்தது, விடவில்லை. ஓட்டத்தில் குறுக்கே பாய்ந்தது. கூடவே அவளையும் நகர்த்திக்கொண்டு நாலடி நடந்தார். கோல் அவளுடையது, நூல் அவருடையது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சண்டை போடாமல் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியில் கனகராஜ் வலையைத் தண்ணீருக்கடியில் கொடுத்து ஏந்திக்கொண்டார். தடித்த உதடு, சிவந்த துடுப்பு, காசு காசாகச் செதில். ஒவ்வொரு செதிலிலும் வெயில் பட்டுத் தெறித்தது. தண்ணீருக்குள் வைத்தபடியே வாயிலிருந்த தூண்டில் முள்ளை எடுத்துவிட்டார்.

"களைச்சுப்போச்சு. இப்படியே விட்டா ஓட்டத்துல புரண்டுடும். கொஞ்ச நேரம் தண்ணியிலயே தாங்கிப் புடிச்சிருந்து, அதுக்குத் தெம்பு வந்ததும் விடணும். புடிச்சவங்க கையாலதான் விடணும், இது என் பழக்கம். வாங்க ஆன்ட்டி."

சந்திரமதி கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். எத்தனை ஆயிரம் மீனை அறுத்துக் கழுவிய கை! ஆனால் பிழைக்க வேண்டிய மீனை அது தொட்டதே இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு தம்பி. புடிச்சது நான் இல்ல, அவருதான்."

மணியம் தண்ணீரில் முட்டி போட்டார். இடது கை தானாகப் போய் வாலடியைப் பற்றியது. வலது கை மட்டும் தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

"அந்தக் கைய வயித்துக்கு அடியில குடுங்க அங்கிள்."

"அது பிடிக்காதுப்பா" என்றார் மணியம். தலை குனிந்திருந்தது.

"பிடிக்கவே கூடாது அங்கிள். இறுக்கினா உள்ள நசுங்கிடும். விரிச்சு வச்சாப் போதும், மீனு அதுமேல படுத்துக்கும். எல்லாருக்கும் இதுதான் வராது, சொல்லச் சொல்ல இறுக்குவாங்க."

மணியம் வலது கையை விரித்துத் தண்ணீருக்குள் நீட்டினார். கெலா அந்தக் கையின்மேல் தன் எடையை இறக்கி வைத்தது. செவுள் திறந்து மூடியது, திறந்து மூடியது. அவர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் வால் ஒருமுறை துடித்தது. அவர் இடது கையைத் தளர்த்தினார். மீன் தலையைத் திருப்பி, அவசரமில்லாமல், அவருடைய வலது உள்ளங்கையைத் தடவிக்கொண்டே போனது.

போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையும் தண்ணீருக்குள் அப்படியே ஏந்தியபடி இருந்தன, வலது கீழே, இடது பக்கத்தில். கனகராஜ் வலையை அலசுகிற சாக்கில் தள்ளிப் போய்விட்டார்.

சந்திரமதியின் வாயில் நூறு வார்த்தை வந்து முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் பேசிப் பேசி என்ன கண்டோம், இன்றைக்கு ஒரு நாள் சும்மா இருந்துதான் பார்ப்போமே.

"மதி" என்றார் மணியம், கையைப் பார்த்தபடியே. "தாரை வார்க்கிறப்ப, புள்ளையோட கைய இறுக்கிப் பிடிக்கணுமா?"

"எதுக்கு இறுக்கணும்? நீங்க கீழ கைய விரிச்சு வைங்க, அவ தன் கைய மேல வச்சுக்கப் போறா."

"நழுவிச்சின்னா?"

"அதுக்குத்தான் இந்தக் கை பக்கத்துல இருக்கே."

"நொட்டாங்கை."

"சாமிய ரெண்டு கையாலயும்தானே கும்புடுறோம்? கோயிலுக்குப் போறப்ப நொட்டாங்கைய வீட்டுல கழட்டி மாட்டிட்டா போறோம்?"

மணியத்துக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. எழுந்திருக்கப் பார்த்தார், பாசியில் கால் வழுக்கியது. சந்திரமதி குனிந்து கையை நீட்டினாள். அவர் இடது கையை நீட்டி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்து எழுந்தார். அவள் முகத்தில் ஆற்றுத் தண்ணீரை இரண்டு தடவை அடித்துக் கழுவிக்கொண்டாள்; அப்படியும் அழுகை நிற்கவில்லை, அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

"அய்யாவுகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் மணியம், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தபடி. "நீ தண்ணிய மெதுவா ஊத்து, என்ன? எதையும் நீ தடதடன்னு கொட்டுற ஆளு."

"சரி" என்றாள் சந்திரமதி.